லங்காவிக்கு 335 டிகிரி

முதல் நாள், பிற்பகல் 2:20. சுங்கை பாக்காப்பில் வீட்டைப் பூட்டும் முன் என் கணவர் குணா கடைசியாகக் காரில் ஏற்றியது ஒரு மரப்பலகை. ‘விற்பனைக்கு’ என்று சிவப்பு எழுத்தில் அவரே எழுதியது. எங்கள் ஒப்பந்தம் அது. முப்பத்தேழு வயதான எங்கள் பாய்மரப் படகில் பினாங்கிலிருந்து லங்காவிக்கு இரண்டு முறை கிளம்பி, இரண்டு முறையும் பாதியில் திரும்பியிருந்தோம். மூன்றாம் முறையும் திரும்பினால் அந்தப் பலகையைப் படகில் கட்டிவிட வேண்டும்.

தொல்லை கொடுத்தது ஆட்டோபைலட். போகவேண்டிய திசையைச் சொல்லிவிட்டால் தானே சுக்கானைத் திருப்பிக்கொண்டு போகும் கருவி. லங்காவி சுமார் 58 கடல் மைல், பதினோரு மணி நேரம் பிடிக்கும். இவருக்கு வலது தோள் இறுகிப்போய், சேர்ந்தாற்போல் அரை மணி நேரம்கூடச் சுக்கான் பிடிக்க முடியாது. பாய்களையும் நானே இழுத்து, சுக்கானையும் நானே பிடிக்க எனக்கு நாலு கையா இருக்கிறது?

மற்றக் கருவிகளும் வயதானவைதான். ஆழம் காட்டுவதில் ஒரு கோடு எரியாது, எட்டு ஆறாகத் தெரியும். காற்றின் வேகம் காட்டுவது மழை பெய்தால் தூங்கிவிடும். செய்த கம்பெனி உதிரிப் பாகங்களை நிறுத்திப் பல வருடமாகிறது. படகுத்துறையில் எல்லோரும் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போடச் சொன்னார்கள். பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் கருவிகளைச் சோதித்தவள் நான். பழசு என்ற ஒரே குற்றத்துக்காக எதையும் எறிய எனக்கு மனம் வராது.

3:40. பட்டர்வொர்த்தில் காரை நிறுத்திவிட்டுப் பையும் பலகையுமாக ஃபெரி ஏறினோம், கட்டணம் ஆளுக்கு இரண்டு வெள்ளி. அக்கரையிலிருந்து தஞ்சோங் தொக்கோங் படகுத்துறைக்கு வாடகைக் காரில் பதினைந்து வெள்ளி. என் பையைத் தூக்கிய டிரைவர் தம்பி ஒரு பக்கமாகச் சாய்ந்துபோனார்.

“என்னக்கா உள்ள, எஞ்சினா?”

தோசைக்கல் என்றேன். ஐந்து கிலோ வார்ப்பிரும்பு. வீட்டில் இருப்பது அது ஒன்றுதான் என்பதால் ஒவ்வொரு பயணத்துக்கும் கொண்டுபோய், திரும்பும்போது தூக்கி வந்துவிடுவேன். கடலுக்குப் போகிறவர்கள் ரொட்டி கொண்டுபோய்த்தான் பார்த்திருக்கிறேன் என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

5:00. படகில் ஏறியதும் இணைப்பு முனைகளில் படிந்திருந்த பச்சைக் களிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்து எடுத்தேன். சுக்கானுக்கு முன்னால் இருக்கும் சாதாரணத் திசைகாட்டியோடு ஆட்டோபைலட்டை ஒப்பிட்டேன். இரண்டு டிகிரிகூட வித்தியாசமில்லை. நோட்டில் எழுதிக்கொண்டு, திருப்தியோடு சாமான்களை அடுக்கினேன். படகு ஆடும்போது விழுந்தால் கால் போய்விடும் என்று கனமானவற்றைப் படுக்கைக்கு அடியில் உள்ள பெட்டியறையில் வைப்பது என் வழக்கம்.

மறுநாள் காலை 5:30க்குக் கிளம்பினோம். 6:45க்குப் பாய் ஏற்றி, ஆட்டோபைலட்டில் 335 டிகிரி வைத்தேன். வடகிழக்குக் காற்று நன்றாக இருந்தது. பினாங்கு மலை பின்னால் வெளுத்தபோது இவர் காப்பி கலந்து கொடுத்தார். அரை மணி நேரம் நான் மகாராணிதான்.

7:50. முந்தின நாள் சோதனையை நம்பியிருந்தவள் அப்போதுதான் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆட்டோபைலட் 335 என்றது. சாதாரணத் திசைகாட்டி 310 என்றது, கைத்தொலைபேசியும் அதையே சொன்னது. படகு லங்காவியை விட்டுத் திறந்த கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அச்சு அசலாகப் போன இரண்டு முறை நடந்ததேதான்.

“போதும்மா, திரும்பிடுவோம்,” என்றார் இவர். “கரையில ஒழுங்கா இருக்கு, கடலுக்கு வந்தா பைத்தியம் புடிக்குது. நானும் எத்தன தடவதான் பாக்குறது?”

ஒன்பது மணி வரை விடுங்கள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். உங்கள் ஒயரிங்தான் எங்கேயோ விட்டுப்போகிறது என்றும் சொல்லிவிட்டேன். போன இரண்டு முறையும் அதையேதான் சொன்னேன். என் பேச்சைக் கேட்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்த வலிக்கிற தோளோடு குனிந்து உட்கார்ந்து எல்லா ஒயரையும் திரும்பப் பற்றவைத்தவர் அவர். இப்போது கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

8:20. கீழே இறங்கினேன். ஆட்டோபைலட்டுக்குச் சொந்தமாக ஒரு திசைகாட்டி உண்டு. கைப்பிடியளவு கறுப்புப் பெட்டி, படுக்கைக்கு அடியில் திருகி வைத்திருக்கும். அதன் ஒயரைப் பார்க்க வேண்டுமானால் பெட்டியறையைக் காலி செய்ய வேண்டும். கயிற்றை எடுத்தேன், தண்ணீர்க் கலன்களை எடுத்தேன். சாரோங் துணியில் சுற்றிய தோசைக்கல்லைத் தூக்கினேன்.

“என்ன தொட்ட?” மேலிருந்து இவர் குரல். “நம்பர் ஓடுது. படகு தானா வலது பக்கம் திரும்புது.”

எதையும் தொடவில்லை என்று சொல்ல வாயெடுத்து, கையில் இருப்பதைப் பார்த்தேன். கல்லை இருந்த இடத்தில் வைத்தேன். இடது பக்கம் போகிறது என்றார். எடுத்தேன், வலது. ஒரு சோதனையை மூன்று முறை செய்யாமல் நம்பக்கூடாது என்பது தொழிற்சாலைப் பழக்கம். மூன்று முறையும் அதேதான். இரும்பை ஒரு சாண் தூரத்தில் வைத்தால் எந்தத் திசைகாட்டிதான் ஒழுங்காகக் காட்டும்? கரையில் நான் சோதித்தபோதெல்லாம் கல் பையிலோ, வீட்டு அடுப்பிலோ இருந்திருக்கிறது. பன்னிரண்டு வருடம் சோதித்தவள் இதைப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

கல்லை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே ஏறினேன். இவர் கல்லையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“அப்ப ரெண்டு தடவையும் என் ஒயரிங் தப்பில்ல.”

“இல்லங்க. நான் வெச்ச கல்லுதான்.”

“காத்துல சரியா கேக்கல. இன்னொரு தடவ சொல்லு.”

சத்தமாகச் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்பதையும் சேர்த்தேன். இவர் எழுந்து ஆட்டோபைலட்டின் தலையைத் தட்டிக்கொடுத்தார். என் தலையைத் தட்டவில்லை. கல்லைப் பின்பக்கத் தளத்தில் கயிறு போட்டுக் கட்டினோம். 335 என்றால் 335. பதினோரு மணிக்கு, லங்காவிக்குப் போகும் வழியில் உள்ள பாயார் தீவு நேர் முன்னால் வந்தது.

மாலை 5:25. லங்காவியின் குவா துறையில் நங்கூரம் போட்டோம். சுங்கை பாக்காப் வீட்டில் தோசைக்கல்லை எங்கே வைத்தாலும் யாரும் வழி தவறுவதில்லை. இங்கே அதற்கென்று ஓர் இடம் குறித்து நோட்டில் எழுதிவிட்டு, மாவை எடுத்தேன். மேல்தளத்தில் ஒன்பது தோசை வார்த்தேன். சூட்டோடு கல்லை இறக்கிவைக்க இடமில்லை, தளம் பொசுங்கிவிடும். கொதிக்கிற கல்லோடு நான் நிற்பதைப் பார்த்து இவர் கீழே போய், அந்தப் பலகையைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார்.

“இதுல வை,” என்றார்.

எழுத்துப் பக்கம் மேலே இருந்தது. வைத்தேன். சிவப்புப் பெயின்ட் கருகும் வாசனை வந்தது.