கைப்பையில் ஒரு கோல்ஃப் பந்து

சமையலறைத் தொட்டியில் வெந்நீரும் சோப்பும் விட்டு ஜெயலீலா ஆன்ட்டி கோல்ஃப் பந்துகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, உருளைக்கிழங்கு மாதிரி வடிதட்டில் போட்டார். ஹூஸ்டனை அடுத்த சுகர் லேண்டில் அவர் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் கோல்ஃப் மைதானம். குறி தவறிய பந்தெல்லாம் இவருடைய கறிவேப்பிலைத் தொட்டியில்தான் வந்து விழும். அக்கம்பக்கத்தார் இதற்காகச் சண்டைக்குப் போகிறார்கள். இவர் புதையல் கிடைத்ததுபோலப் பொறுக்கிக்கொண்டு வருகிறார்.

"வாங்க தம்பி, உக்காருங்க. உங்க உடம்புல எங்கயாச்சும் கட்டி கிட்டி இருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காப்பி வேண்டுமா என்று கேட்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வியா இது! ஆனால் அவர் வழக்கமே அதுதான். பொங்கல் விழாவில், வளைகாப்பில், சர்ச் வாசலில், யாரைப் பார்த்தாலும் இரண்டாவது வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். அவர் தலை தெரிந்ததும் சாம்பார் வரிசைப் பக்கம் நழுவுகிறவர்கள் உண்டு. அதில் நானும் ஒருவன். இந்த வருஷம் தமிழ்ச் சங்க மலருக்கு அவரைப் பற்றி எழுதும் வேலை என் தலையில் விழுந்ததால் வசமாக மாட்டிக்கொண்டேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல ஆன்ட்டி."

"வீட்டுல?"

"ஷ்யாமளாவுக்குக் கையில ஒண்ணு இருக்கு, தோள் பக்கத்துல. வெறும் கொழுப்புக் கட்டிதான், வலிகூட இல்ல. சண்டே ஊருக்குக் கிளம்புறோம். கோயம்புத்தூர்ல அவ பெரியம்மா பையன் அச்சுதன் நர்சிங் ஹோம் வச்சிருக்கார். அங்கயே ரிமூவ் பண்ணிடலாம்னு டேட் வாங்கியாச்சு."

ஆன்ட்டி குழாயை மூடினார். "எம்புட்டு பெரிசு?"

"ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும்."

"எந்த எலுமிச்சம்பழம்? நம்மூருதா, இங்க கடையில விக்கிற லெமனா?"

சத்தியமாக யோசித்ததே இல்லை. மனைவியின் கையில் இருப்பதை ஒருமுறை ஒழுங்காகத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அதுக்குத்தான் தம்பி இந்தப் பந்து" என்றார். "முன்ன ஒருத்தர் போன்ல லெமன் சைஸுன்னாரு. நான் நம்மூரு ஊறுகாய் எலுமிச்சைன்னு நெனச்சுட்டேன். அவரு சொன்னது இந்தூரு பெரிய லெமன். அன்னையிலேருந்து எலுமிச்சை, நெல்லிக்கா, கொய்யா, ஒண்ணும் நம்புறதில்ல. பந்து உலகம் பூரா ஒரே சைஸு. இதவிடப் பெரிசா இருந்தாலும், சின்னதா இருந்து வளந்துக்கிட்டே வந்தாலும், உடனே காட்டணும்."

ஆன்ட்டி பாளையங்கோட்டைக்காரர். ஹூஸ்டனில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் சம்பளக் கணக்குப் பார்க்கிறார். அந்தக் கம்பெனிகளில் தினமும் கொஞ்சம் கூடுதலாக உழைத்தால் ஒன்று விட்டு ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஊரே அன்றைக்குக் காஸ்ட்கோ கடையில் நிற்கும். இவர் போனும் கையுமாக நிற்பார். ரிச்சர்ட்சனிலிருந்து, ஜெர்சி சிட்டியிலிருந்து, சார்கோமா என்ற பெயரை முந்தாநாள்தான் கேள்விப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் அவரைக் கூப்பிடுகின்றன. தசையிலும் கொழுப்பிலும் எலும்பிலும் வருகிற அபூர்வமான புற்றுநோய் அது.

நான் இருக்கும்போதே ஒரு அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். யாரோ பசுபதியாம்; அழுகையை அடக்கிக்கொண்டு பேசினார்.

"சார்கோமான்னு சொல்றாங்க ஆன்ட்டி."

"எந்த சார்கோமா? அம்பது வகைக்கு மேல இருக்குய்யா. எந்த ஊருன்னு கேட்டா தமிழ்நாடுன்னு சொன்னா எப்படி? பயாப்ஸி ரிப்போர்ட்டுல பேரு இருக்கும், எடுத்து வாசிங்க."

அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். ஆன்ட்டி கேட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து கட்டியின் திசு வைத்த ஸ்லைடுகளை வாங்கி, இதையே பார்க்கிற நிபுணரிடம் இன்னொரு தடவை காட்டச் சொன்னார். புதிய மருந்து ஆராய்ச்சிகளுக்கு அரசாங்கத்தின் இணையப் பட்டியல் இருக்கிறதாம். அதில் ஆள் எடுக்கிறார்களா, எடுத்து முடித்துவிட்டார்களா என்பதை முதலில் பார்க்க வேண்டுமாம். "முடிஞ்சதப் படிச்சு மனசு ஒடஞ்சு போகாதீங்க. அந்த ஆராய்ச்சி நடத்துத கோஆர்டினேட்டரு நம்பருக்கு நானே கூப்புட்டுக் கேக்குதேன். நான் டாக்டர் இல்ல கேட்டீங்களா, போன் பண்ணுத பொம்பள. மருந்து வேணும் வேண்டாம்னு அவங்கதான் சொல்லணும்."

கடைசியில் இன்னொருவர் எண்ணைக் கொடுத்தார். அதே வகை வந்து, சிகிச்சை முடித்து, இப்போது பிள்ளைகளை நீச்சலுக்குக் கூட்டிப் போகிற ஒரு பெண்மணி. "அவங்ககிட்ட பேசுங்க. நெட்டுல படிச்சா பயந்தான் வரும். ஆளு பேசுத சத்தம் கேட்டா கொஞ்சம் தூக்கம் வரும்."

மூலிகைச் சாறு குடித்தால் குணமாகும், முள்சீத்தாப்பழம் தின்றால் குணமாகும் என்று அவருக்கு வருகிற வாட்ஸ்அப் செய்திகள் கொஞ்சநஞ்சமல்ல. "அனுப்புனவன் நல்லாருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அழித்துவிடுகிறார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் காத்திருக்க வைத்து வாத்திய இசை போடுவார்களே, அதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மீன் குழம்புக்குப் புளி கரைக்கும்போதும் அதைத்தான் முணுமுணுக்கிறார். எந்த ஆஸ்பத்திரி மெட்டு என்று கேட்டால் சொல்லிவிடுவார்.

ஆன்ட்டியின் கணவர் ஜீவரத்தினம் அங்கிள் தடியை ஊன்றி மெதுவாக வந்தார். நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்துதான் அவரால் உட்கார முடிகிறது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "பின்தொடையில பாதி கறி போயிடுச்சு தம்பி, பிரியாணிக்கு ஆகாது" என்று சிரித்தார்.

கதையை அவர்தான் சொன்னார். ஆறு வருஷம் முன்பு தொடையில் ஒரு கட்டி. இங்கே அப்பாயின்ட்மென்ட்டுக்கும் இன்சூரன்ஸுக்கும் யார் மல்லுக்கட்டுவது? கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போகிறோம், பல் அடைப்பது, கண்ணாடி மாற்றுவது எல்லாம் அங்கேதானே, இதையும் முடித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். நாம் எல்லோரும் அப்படித்தானே இருக்கிறோம்! ஆன்ட்டியின் சொந்தத் தம்பி அங்கே சர்ஜன். ஒரு ஊசி போட்டு, அரை மணியில் எடுத்துத் தைத்துவிட்டார். அன்று சாயங்காலமே அங்கிள் அந்த மச்சான் வீட்டு மாடியில் நட்சத்திர விளக்குக் கட்டினார்.

"மச்சான் கை நல்ல கை. தையலக்கூட அழகாத்தான் போட்டான்."

"எடுத்த கட்டி?" என்று கேட்டேன்.

அங்கிள் ஆன்ட்டியைப் பார்த்தார். ஆன்ட்டி பந்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாளியில போட்டாச்சு" என்றார் ஆன்ட்டி. "கொழுப்புக் கட்டிய யாராச்சும் டெஸ்டுக்கு அனுப்புவாங்களான்னான்."

நாலு மாதத்தில் அதே இடத்தில் திரும்ப வந்தது. ஹூஸ்டன் டாக்டர் முதலில் கேட்டதே பழைய கட்டியின் பரிசோதனை அறிக்கைதான். இருந்தால்தானே! எது என்று தெரியாமல் வெட்டியதில் சார்கோமா உள்ளே எங்கெல்லாம் சிதறியது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கதிர்வீச்சு கொடுத்து, கத்தி பட்ட இடத்தையெல்லாம் சேர்த்துத் தசையோடு எடுத்தார்கள். கால் தப்பியது. இன்றும் நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துவிட்டு முடிவு வரும்வரை இரண்டு பேரும் சாப்பிடுவதில்லை.

ஞாயிறு விமானம். புதன்கிழமை ஆப்பரேஷன். அச்சுதன் கையும் நல்ல கைதான், வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். கட்டியைச் சோதிப்பார்களா என்று நாங்கள் யாருமே அவரைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தெரியவில்லை!

ஆன்ட்டி ஈரக் கையைத் துடைத்தார். ஒரு பந்தை எடுத்துக் கைப்பையில் போட்டார். "வண்டிய எடுங்க தம்பி."

வீட்டில் கூடத்தின் நடுவே பெட்டிகள். ஷ்யாமளா சாக்லேட் பைகளைத் துணிகளுக்கு இடையில் செருகிக்கொண்டிருந்தாள். ஆன்ட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, என்னைப் பார்த்ததும் மாறியது. நான் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னேன். அவள் சட்டைக் கையை மேலே சுருட்டினாள்.

ஆன்ட்டி பந்தைக் கட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். பந்து சின்னதாகத் தெரிந்தது. அட கடவுளே, எப்போது இவ்வளவு வளர்ந்தது? ஒரே வீட்டில்தானே இருந்தேன்!

"பயப்படாத தாயி. நெறைய கட்டி ஒண்ணுமில்லாமத்தான் போகும். ஆனா எம்ஆர்ஐ எடுத்து, ஊசியால கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணி, என்னன்னு தெரியுமுன்ன ஒரு கத்தியும் படக்கூடாது. அதுவும் இத மட்டுமே பாக்குத டாக்டரு சொல்லணும்."

ஷ்யாமளாவின் கண் நிறைந்துவிட்டது. "அண்ணா எனக்காக டேட் போட்டு வச்சிருக்காரு ஆன்ட்டி. இப்போ கேன்சல் பண்ணா தப்பா எடுத்துக்க மாட்டாரா? அவரை நம்பலைன்னு ஆயிடாதா?"

ஆன்ட்டி பந்தைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

"முதல்ல டெஸ்ட் எடுல, பெறவு வெட்டுன்னு என் வாய் வரைக்கும் வந்துச்சு தாயி. என் தம்பி மனசு நோகுமேன்னு அன்னைக்கு முழுங்கிட்டேன்."

இதை அங்கிள் இருக்கும்போது அவர் சொல்லவில்லை. ஷ்யாமளா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆன்ட்டி கட்டி முடித்த பெரிய பெட்டியின் மேல் உட்கார்ந்தார். ஷ்யாமளாவையும் இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். ஆஸ்பத்திரி எண்ணைப் போட்டு, ஒரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டார். மறு கையை அவள் மணிக்கட்டிலிருந்து எடுக்கவில்லை. எதிர்முனையில் யாரோ காத்திருக்கச் சொன்னார்கள். மெட்டு தொடங்கியது. ஆன்ட்டி கண்ணை மூடி, கூடவே முணுமுணுக்க ஆரம்பித்தார்.