காப்புறுதிக்கு முன்பே கொடுத்த இரத்தம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் புதிதாக எது வந்தாலும் முதலில் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி செய்து காட்ட வேண்டும். தடுப்பூசி என்றால் முதலில் நீள்வது கிராணியின் கை. வங்கி அட்டை வந்தபோது அந்த இயந்திரத்தின் முன் முதலில் நின்றதும் கிராணிதான். அந்த ஆள் சாகவில்லை, ஏமாறவில்லை என்று தெரிந்த பிறகுதான் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் வரிசைக்கு வருவார்கள். அந்தக் கிராணி நான். ஓய்வு பெற்றபோது சம்பளம் நின்றது. இந்த வேலை நிற்கவில்லை.

கோயில் மண்டபத்தில் இலவச இரத்தப் பரிசோதனை என்று கோயில் தலைவர் வந்து நின்றபோது நான் யோசித்திருக்க வேண்டும். காப்புறுதி முதலில், பரிசோதனை பிறகு என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. வேலையில் இருந்தவரை நிறுவனத்தின் குழுக் காப்புறுதி என்னைச் சுமந்தது. ஓய்வு பெற்ற நாளோடு அது முடிந்தது. பிரிவுபசார விருந்தில் கோழி பரிமாறிக்கொண்டிருந்த நேரத்திலேயே முடிந்திருக்கும். புதிதாக ஆயுள் காப்புறுதி எடுக்கத் திரிங்காப் ஊர் ஏஜெண்டிடம் பேசி வைத்திருந்தேன். தீபாவளி கழித்து வருகிறேன் என்றிருந்தார். நடுவில் இந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

"ஐயா, நீங்க மொத ஆளா உக்காந்துடுங்க. இல்லன்னா ஒரு பய வரமாட்டான்லா," என்றார் தலைவர்.

"எல்லாரும் வந்து என்ன ஆகப் போகுது?"

"பந்தல் போட்டாச்சு. மீகூன் பெரட்டியாச்சு. ஆள் இல்லாம மானம் போயிரும்."

மீகூன் என்ற அரிசிச் சேமியாவின் மானத்தைக் காக்க நான் கையை நீட்டினேன். எனக்குப் பின்னால் ஆண்கள் மண்டபத்தின் வாசல்வரை நின்றார்கள். அவர்களுக்குச் சர்க்கரை, கொழுப்பு என்று வழக்கமானவை வந்தன. எனக்கு மட்டும் புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. அளவு இருக்க வேண்டியதைவிட மேலே போயிருந்தது. மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். இறங்கவில்லை.

எனக்குக் காப்புறுதி எதற்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஓய்வு பெற்ற கிராணி சாகும்வரை தோட்டத்து வீட்டில் இருக்கலாம். செத்த பிறகு மனைவி வீட்டைக் காலி செய்து சாவியைத் தர வேண்டும். அதைக் கேட்டு நிர்வாகம் அனுப்பும் கடிதத்தை எத்தனையோ முறை தட்டச்சு செய்தவன் நான், வாசகம் எனக்கு மனப்பாடம். 'ஆழ்ந்த அனுதாபங்கள்' முதல் பத்தியில் வரும், சாவி இரண்டாவதில். எங்கள் ஒரே மகள் ஜொகூரில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். அங்கே போய் மூலையில் உட்கார மாட்டேன் என்பது என் மனைவியின் நீண்டநாள் முடிவு. ஆகவே நான் செத்தால் வரும் தொகையில் அவள் மலைக்குக் கீழே தாப்பா பக்கம் ஒரு சிறு வீடு வாங்கிக்கொள்வாள் என்பது என் திட்டம். என் திட்டங்களில் நான் இல்லாமல் நடக்கக்கூடிய ஒரே திட்டம்.

ஏஜெண்டு சொன்னபடி வந்தார். நான் போனில் வந்திருந்த பரிசோதனை முடிவைக் காட்டினேன். அவர் அதைத் தொடாமல் பார்த்தார்.

"அங்கிள், இது வாட்சாப்ல தானே வந்துச்சு? டிலீட் பண்ணிடுங்க. நானும் பாக்கலன்னு வெச்சுக்கலாம்."

"என் போன்ல போயிரும், தம்பி. லேப்ல?"

"யாரு போய்த் தோண்டுவா?"

"உங்க கம்பெனிதான். ரெண்டு வருஷத்துக்குள்ள நான் போனா மொத வேலையா தோண்டுவாங்க. அதுக்கப்புறமும் வேணும்னே மறைச்சான்னு சொல்லலாம். நான் செத்துக் கிடப்பேன். கோர்ட்டுக்கு அலையப் போறது இவ."

தேநீருடன் வந்த என் மனைவி டம்ளரை வைத்துவிட்டு நின்றாள். "பொய் எழுதுனா துட்டு வராது. சரி. உண்மைய எழுதுனா வருமா?"

ஏஜெண்டு தேநீரைக் குடித்தார். நான் உண்மையை எழுதினேன், இணைப்புகளுடன்.

நிபுணரின் அறிக்கை வரும்வரை விண்ணப்பம் ஒத்திவைக்கப்படுகிறது என்று பதில் வந்தது. எதிர்பார்த்ததுதான். ஈப்போ மருத்துவமனைக்கு இறங்கினோம். ஸ்கேன் எடுத்தார்கள், பிறகு ஊசியால் சதை எடுத்தார்கள். எந்த வழியாக எடுத்தார்கள் என்பதை எழுதும் அளவுக்கு நான் இன்னும் ஓய்வு பெறவில்லை. திரும்பும் வழியில் மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவும் தன் கருத்தைத் தெரிவித்தது.

புற்றுநோய் என்றார் டாக்டர். மெதுவாக வளரும் வகை, இப்போதைக்கு வெட்ட வேண்டாம், கண்காணித்தால் போதும். இதனால் நீங்கள் சாகமாட்டீர்கள், இதை வைத்துக்கொண்டு வேறு எதிலாவது சாவீர்கள் என்று ஆறுதலாகச் சொன்னார். அந்த அறிக்கையை அனுப்பினேன். காப்புறுதி நிறுவனத்துக்கு டாக்டரின் நம்பிக்கை போதவில்லை. தர இயலாது என்றார்கள். சேதியைச் சொல்ல வந்த ஏஜெண்டு, தன் அப்பாவின் காய்கறித் தோட்டத்து முட்டைக்கோஸ் ஒரு பை கொண்டுவந்திருந்தார். நோயாளி வீட்டுக்கு வருகிறவர்களின் முகம் அவருக்கு வந்துவிட்டிருந்தது.

அன்று அந்தக் கோஸைப் பொரியல் செய்து போட்டுவிட்டு மனைவி சொன்னாள், "நாளைக்குப் பெரட்டுக்குப் போறேன்."

பெரட்டு என்பது விடியலில் வேலையாட்களைக் கூட்டி ஆள்கணக்கு எடுப்பது. அவள் கொழுந்து பறித்தவளின் மகள்தான். ஆனால் என்னைக் கட்டிய பிறகு கூடையைத் தொட்டதில்லை. கிராணியின் மனைவி மலைக்குப் போவது எங்கள் தோட்டத்தில் இல்லாத வழக்கம்.

"யாரு போறா?"

"நான்தான். மேனேஜர் தொரையப் பாத்துப் பேசிட்டேன். தேயில நாத்து மேட்டுல ஆள் இல்லையாம். வெளிநாட்டுப் பசங்களுக்குப் பெர்மிட் வரலியாம்."

"கிராணி பொண்டாட்டி போய் நாத்துப் பை கட்டுறதா?"

"கிராணி பொண்டாட்டிக்கு வீடு இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க. வேலக்காரிக்கு உண்டா இல்லியா?"

உண்டு. பெயர்ப் பட்டியலில் இருப்பவருக்கு வேலையில் இருக்கும்வரை வீடு உண்டு. ஓய்வு வயதுக்கு அவளுக்கு இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. விதி எனக்குத் தெரியும், அதை நான் அவள் பக்கம் திருப்பிப் பார்த்ததில்லை.

விடியலில் என் பழைய முழுக்கைச் சட்டையையும் ரப்பர் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடவே நடந்தேன். மூடுபனியில் நின்றிருந்த பெண்களில் ஒருத்தி, "கிராணியம்மா, ஆபீசு அந்தப் பக்கம்லா," என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"அங்க குளுரு ஜாஸ்தி, ஆத்தா," என்று சொல்லிவிட்டு இவள் வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

எனக்குப் பின் வந்த கிராணி ஓர் இளம்பெண். பெயர், அடையாள அட்டை எல்லாம் கேட்டு எழுதினார். வீட்டுக்காக ஒன்று கேட்க வேண்டியிருந்தது. அதைக் கேட்கும்போது என்னைப் பார்க்காமல் கேட்டார். "உங்கள நம்பி யாரும் இருக்காங்களா?"

என் மனைவி என் பக்கம் கையைக் காட்டினாள். "இவருதான்."

அந்தப் பெண் எழுதினார். பிறகு எல்லாரும் மேட்டுக்கு நடந்தார்கள். நான் வீட்டுக்குப் போய் அடுப்பை மூட்டினேன்.