எல்லாம் ஒரிஜினல் சார்

1. எத்தனை கிராம்?

போதைப்பொருள் வழக்கு என்று யாராவது வந்து உட்கார்ந்தால், வக்கீல்களாகிய நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி "நிஜமா, பொய்யா?" என்பதல்ல. "எத்தனை கிராம்?" என்பதுதான். புருஷனோ பிள்ளையோ உள்ளே போய்விட்டான் என்று பதறி அடித்துக்கொண்டு வந்தவர்களுக்கு இது கொடுமையாக இருக்கும். மளிகைக்கடைக்காரி மாதிரி எடை கேட்கிறாளே என்று என் முகத்தையே பார்ப்பார்கள். என்ன செய்வது, அந்தச் சட்டத்தில் எடைதான் எல்லாம். சிறு அளவா, வணிக அளவா, இரண்டுக்கும் நடுவிலா என்பதைப் பொறுத்துத்தான் ஜாமீனும் தண்டனையும்.

தேவியிடமும் அதைத்தான் கேட்டேன். செங்கல்பட்டு கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் என் ஆபீஸ். சதுரங்கப்பட்டினத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். கல்பாக்கம் அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை அவளுக்கு. புருஷன் செல்வம் ஆட்டோ ஓட்டுபவன். முந்தின நாள் மத்தியானம் மாமல்லபுரம் தாண்டி ஈ.சி.ஆர். ரோட்டில் போலீஸ் வண்டிகளை மடக்கிச் சோதனை போட்டிருக்கிறது. செல்வத்தின் பேன்ட் பாக்கெட்டில் ஒரு பொட்டலம் இருந்ததாகக் கைது செய்துவிட்டார்கள்.

"கிராமெல்லாம் தெரியாது மேடம். கல்லுப்பு மாதிரி இருந்திச்சாம். கஞ்சா கூட இல்லியாம். பேரு வாயில நுழைய மாட்டேங்குது," என்றாள்.

வாயில் நுழையாத அந்தப் பெயர் மெத்தாம்பெட்டமைன். எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கிப் பார்த்ததில் அளவு நடுத்தரம். பத்து வருஷம் வரை போடலாம். பூசி மெழுகாமல் தேவியிடம் அப்படியே சொன்னேன். அவள் அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சரி, இன்னா பண்ணணும் சொல்லுங்க," என்றாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று.

2. நீ என்ன சொன்னே?

தொழிலுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். கட்சிக்காரரிடம் "என்ன நடந்தது?" என்று கேட்க மாட்டேன். கேட்டால் கதை வரும். கதையில் எல்லாருமே உத்தமர்கள். அதனால் "அவங்க என்ன சொன்னாங்க, நீ என்ன சொன்னே, அதே வார்த்தையில் சொல்லு" என்பேன். இது பெரிய சட்ட நுணுக்கம் என்று என் ஜூனியர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் இது எங்கள் தெருக் குழாயடியில் நான் கற்றுக்கொண்ட வம்பு கேட்கும் கலை. கறுப்புக் கோட்டு மாட்டியதும் கௌரவமாகிவிட்டது.

புழல் சிறையில் செல்வத்தைப் பார்த்தேன். ஒல்லியான ஆள், நிறையப் பேசுகிறவன். பொட்டலம் எப்படி வந்தது என்று அவன் சொன்ன விவரம் இதுதான். கோவளத்தில் ஒரு ஆள் சவாரி ஏறினான். மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட் வாசலில் இறங்கும்போது, "இத வெச்சிருங்க அண்ணாத்த, ரிட்டன்ல வாங்கிக்கறேன்" என்று பொட்டலத்தைக் கையில் கொடுத்தான். டீ குடித்துவிட்டு வரலாம் என்று செல்வம் கொஞ்ச தூரம் தள்ளி வண்டியை விட்டான், சோதனையில் மாட்டினான். சவாரி வந்த ஆள் போனவன் போனவன்தான்.

இதில் எவ்வளவு நிஜம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு வரும் பதிலை வைத்துக்கொண்டு வக்கீல் ஒன்றும் செய்ய முடியாது. எனவே என் வழக்கமான கேள்விக்கு வந்தேன்.

"இன்ஸ்பெக்டர் உன்னைச் சோதனை போடறதுக்கு முன்னாடி என்ன சொன்னாரு?"

"இன்னாவோ பேப்பர்ல கீற மாதிரி தமிழ்ல சொன்னாரு மேடம். கெஜட்டட் ஆபீசர் வரணுமா, மாஜிஸ்திரேட்டு வரணுமான்னாரு."

"நீ?"

"எதுக்கு சார் கெஜட்டட் ஆபீசரு, அல்லாம் ஒரிஜினல் சார், நீங்களே பாத்துக்கங்கன்னேன்."

எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தேன். "எதுப்பா ஒரிஜினல்?"

"லைசென்ஸு, ஆர்.சி., இன்சூரன்ஸு. கையில எட்து நீட்னேன். ஜெராக்ஸ் குட்த்தாதான மேடம் அட்டெஸ்டேஷன் வேணும்?"

அவன் ஊரை நினைத்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை. சதுரங்கப்பட்டினத்தை ஒட்டி இருப்பது டவுன்ஷிப். அங்கே கதவுக்குக் கதவு பெரிய அதிகாரிகள். சாதிச் சான்றிதழ், டி.சி., மார்க் ஷீட் எதற்கு நகல் கொடுக்க வேண்டுமானாலும் ஊர்க்காரர்கள் அங்கேதான் போவார்கள். காலிங் பெல் அடித்தால் ஒருவர் வந்து பச்சை மையில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவார். செல்வத்துக்குத் தெரிந்த கெஜட்டட் ஆபீசர் அவர்தான்.

சட்டத்தில் அந்த வார்த்தைக்கு வேறு வேலை. போதைப்பொருளுக்காக ஒருவன் உடம்பைச் சோதனை போடுவதற்கு முன், "கெஜட்டட் ஆபீசர் அல்லது மாஜிஸ்திரேட் முன்னால்தான் சோதிக்க வேண்டும் என்று கேட்க உனக்கு உரிமை இருக்கிறது" என்று போலீஸ் அவனிடம் சொல்லியாக வேண்டும். ஐம்பதாவது பிரிவு. வண்டியிலோ கைப்பையிலோ இருந்து எடுத்தால் இது பொருந்தாது. பாக்கெட்டில் கைவிட்டால் பொருந்தும். சொல்லாமல் விட்டால் வழக்கே நிற்காது.

இங்கே சொல்லியிருக்கிறார்கள். அவனும் பதில் சொல்லியிருக்கிறான். போலீஸ் ஆவணத்தில் அவன் பதில் இப்படி ஏறியிருந்தது: "தாங்களே சோதனை செய்துகொள்ள எனக்கு ஆட்சேபனை இல்லை." கீழே செல்வத்தின் கையெழுத்து. யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை. "நீங்களே பாத்துக்கங்க" என்றுதானே சொன்னான்? அதற்கு முன்னால் இருந்த பாதி வாக்கியம் மட்டும் காணாமல் போயிருந்தது.

கிளம்பும்போது செல்வம் கேட்டான். "மேடம், நான் ஒரிஜினல்னு சொன்னதும் அவங்க அல்லாம் சிரிச்சாங்க. இன்னாத்துக்கு சிரிச்சாங்க? இங்க குந்திகினு அதையே யோசிச்சினுகீறேன்."

3. ஓட்டை இல்லாத வழக்கு

ஜாமீன் மனுவில் இதைச் சொன்னேன். "அட்டெஸ்டேஷனா?" என்று அரசுத் தரப்பு வக்கீல், அதாவது பி.பி., வாய்விட்டே சிரித்தார். நல்ல மனிதர்தான், கேன்டீனில் எனக்கு டீ வாங்கிக் கொடுப்பவர். பொட்டலம் கொடுத்தவன் இன்னும் சிக்கவில்லை, இவனை வெளியே விட்டால் அவனும் தப்பிவிடுவான் என்றார். மனு தள்ளுபடி. மறுபடி போட்டேன், மறுபடியும் தள்ளுபடி. இதெல்லாம் விசாரணையில் பார்க்க வேண்டியது என்று சொல்லிவிட்டார்கள்.

இப்படிப்பட்ட வழக்கில் நாங்கள் வழக்கமாகத் தேடும் ஓட்டைகள் உண்டு. சீல் சரியாக வைத்தார்களா, மாதிரி தாமதமாக லேபுக்குப் போனதா, எடை மாறியதா. எல்லாவற்றையும் குடைந்து பார்த்தேன். அந்த இன்ஸ்பெக்டர் சுத்தமான வேலைக்காரர். ஒரு நூல்கூடத் தொங்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபமாகவும் வந்தது, மரியாதையாகவும் இருந்தது.

மிச்சம் இருந்தது அந்தப் பாதி வாக்கியம் ஒன்றுதான். ஆனால் அதைச் சொல்பவன் குற்றம் சாட்டப்பட்டவன். எதிரே அவன் கையெழுத்தே இருக்கிறது. யார் நம்புவார்கள்?

தேவி ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தாள். டவுன்ஷிப்பில் ஒரு வீட்டில் விஷயம் தெரிந்து வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். "அவுங்களச் சொல்லி தப்பு இல்ல மேடம், அவுங்க வூட்லயும் புள்ளைங்க கீதுங்க," என்றாள். எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை.

4. சாட்சிக் கூண்டில் ஒரு சிரிப்பு

விசாரணையில் முதலில் இன்ஸ்பெக்டர் ஏறினார். குறுக்கு விசாரணையில், செல்வம் சொன்ன வார்த்தை என்ன என்று கேட்டேன். "ஆவணத்தில் உள்ளபடி," என்றார். எந்தப் பக்கம் சுற்றிப் போய்க் கேட்டாலும் அதே பதில்.

அடுத்து ஏட்டு முத்தையா. தென்காசிப் பக்கத்துக்காரர், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். சோதனையின்போது உடன் இருந்த சாட்சி. பெயர், நேரம், இடம் எல்லாவற்றுக்கும் மணி அடித்த மாதிரி பதில் சொன்னார்.

செல்வம் புழலில் கேட்ட கேள்வி எனக்குள்ளும் நமைச்சலாகவே இருந்தது. அதையே கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு அந்த இடத்துல யாராவது சிரிச்சீங்களா?"

பி.பி. எழுந்தார். "சிரிப்புக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம், யுவர் ஆனர்?"

ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். "சொல்லட்டும். எனக்கும் தெரிஞ்சுக்கணும்போல இருக்கு."

முத்தையா கொஞ்சம் தயங்கினார். "சிரிச்சோம்யா," என்றார் ஜட்ஜைப் பார்த்து.

இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். குறுக்கு விசாரணையில் "ஏன்" என்று கேட்கவே கூடாது என்பது தொழிலில் முதல் பாடம். பதில் எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாது. 'போதையில் உளறினான், அதனால் சிரித்தோம்' என்று அவர் சொன்னால் செல்வத்தின் பத்து வருஷம் அங்கேயே உறுதி. குற்றவாளிக் கூண்டுக்குள் செல்வம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆனால் நிறுத்தினால் எனக்கு எதுவும் மிஞ்சாது.

"ஏன் சிரிச்சீங்க?"

"இன்ஸ்பெக்டர் அய்யா இவர்ட்ட கெஜட்டட் ஆபீசர் வேணுமான்னு கேட்டாங்க. இவரு லைசென்ஸ நீட்டி, எல்லாம் ஒரிஜினல், அட்டெஸ்டேஷன் வேண்டாம், நீங்களே பாத்துக்கோங்கன்னாரு. எல்லாருக்கும் சிரிப்பு வந்துட்டு."

"கெஜட்டட் ஆபீசர் அதுக்கில்லைன்னு யாராவது அவருக்கு விளக்கிச் சொன்னீங்களா?"

"இல்ல மேடம். சிரிச்சு முடிச்சதும் பாக்கெட்ல கைய விட்டாச்சு."

உட்கார்ந்துவிட்டேன். பி.பி. எழுந்து, "கையெழுத்து அவரேதானே போட்டார்?" என்று கேட்டார். "ஆமாய்யா, அவரேதான் போட்டாரு," என்றார் முத்தையா, அதையும் அதே குரலில்.

அவர் ஏன் உண்மையைச் சொன்னார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நேர்மை ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொன்றும் தோன்றுகிறது. சாட்சிக்கு வருகிறவர்கள் எல்லாக் கேள்விகளுக்கும் ஒத்திகை பார்த்துக்கொண்டு வருவார்கள். சிரிப்பைப் பற்றிக் கேட்பார்கள் என்று யார் எதிர்பார்த்திருப்பார்கள்?

5. அவ்வளவுதானா மேடம்?

விடுதலை. உரிமையை வாயால் சொல்லிவிட்டால் போதாது, கேட்டவனுக்கு அது புரிந்திருக்க வேண்டும், புரியவில்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது என்று தீர்ப்பில் எழுதியிருந்தார் ஜட்ஜ். தேவி அன்றைக்குத்தான் அழுதாள்.

ஏறக்குறைய ஒரு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்த செல்வம், மறுநாள் நன்றி சொல்ல அவளோடு என் ஆபீசுக்கு வந்தான்.

"மேடம், ஒண்ணு கேக்கவா? அந்த கெஜட்டட் ஆபீசரு நெஜமாவே வந்திருந்தா இன்னா பண்ணியிருப்பாரு?"

"உன் பாக்கெட்டுல கை விடும்போது பக்கத்துல நின்னு பார்த்திருப்பாரு."

"பாத்துட்டு?"

"கிடைச்சதுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பாரு."

"அப்ப அதே பொட்டலந்தான வந்திருக்கும்? நான் உள்ளதான் போயிருப்பேன்?"

தேவி அவன் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள். "வாய மூடினு வர்றியா?"

"ஆமாப்பா, உள்ளதான் போயிருப்பே," என்றேன். "ஆனா என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு உள்ள போயிருப்பே."

இது நியாயமா என்று சில ஜூனியர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரு சிரிப்பை வைத்து ஒருவனை வெளியே கொண்டுவரலாமா என்கிறார்கள். ஒருவனைப் பத்து வருஷம் உள்ளே வைக்க அதிகாரம் உள்ளவர்கள், அதற்கு முன்னால் அவனுக்கு ஒரே ஒரு வாக்கியத்தைப் புரியவைக்க வேண்டும். நடுரோட்டில், அவன் பேசுகிற தமிழில். அதற்குக்கூடப் பொறுமை இல்லை என்றால் வழக்கைத் தோற்கட்டும் என்பதுதான் என் பதில்.

தொழிலில் அந்த வழக்கு எனக்குக் கற்றுக்கொடுத்தது வேறு. அதுவரை கட்சிக்காரர்களிடம் இரண்டு கேள்விகள்தான் கேட்பேன். அவங்க என்ன சொன்னாங்க, நீ என்ன சொன்னே. செல்வத்துக்குப் பிறகு மூன்றாவதாக ஒன்றும் கேட்கிறேன்: அவங்க என்ன கேட்டதா நீ நினைச்சே?