எலிகளுக்கு நான் வைக்காத பத்தியம்: திருவள்ளூரிலிருந்து ஆரம்பாக்கம் வரை

சிறுபீளையை அது வளரும் இடத்திலேயே பார்க்க வேண்டும், சென்னைக்குப் பக்கத்தில் எங்கே போகலாம் என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். இருவருமே மூலிகை ஆராய்ச்சி மாணவர்கள். பதில் சொல்ல என் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். 1975ஆம் ஆண்டு தை மாதம், இரண்டு நாள் பயணம். வழி சொல்வதோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் குறிப்பேட்டில் நானே அடித்துவிட்ட ஒரு வரி இருக்கிறது. அதைச் சொல்லாமல் வழி மட்டும் சொன்னால் பாதிப் பொய்யாகிவிடும்.

அப்போது எனக்கு வயது இருபத்தைந்து. சென்னையில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். சிறுநீரகத்தைக் காக்கும் மூலிகை எது என்று எலிகளில் சோதித்துப் பார்ப்பது எங்கள் வேலை. முந்தைய ஆவணியில் ஆரம்பாக்கத்துக்குப் போய், முனியம்மாள் என்ற விவசாயியிடம் சிறுபீளைக் கஷாயத்தின் செய்முறையை எழுதி வந்திருந்தேன். அவர் கொடுத்த கஷாயத்தைக் குடித்துக் கால் வீக்கம் வடிந்த ஒருவரையும் பார்த்தேன். அவர் பெயர் தாமோதரன். கவரைப்பேட்டைக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்.

திரும்பி வந்து மூன்று மாதம் எலிகளோடு மல்லுக்கட்டினேன். எல்லா எலிகளுக்கும் தினமும் காலையில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஓர் உலோக உப்பு. பாதி எலிகளுக்கு அதோடு முனியம்மாளின் கஷாயம். கடைசியில் கஷாயம் குடித்த எலியும் குடிக்காத எலியும் ஒன்றுபோலவே வாடின. என் பேராசிரியர் கோபிக்கவில்லை. செய்முறையில் எதையோ விட்டிருக்கிறாய், போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். நான் எதையும் விடுகிற ஆள் இல்லை என்று மனதுக்குள் முறுக்கிக்கொண்டுதான் கிளம்பினேன்.

காலை 6.10க்கு சென்ட்ரலில் பாசஞ்சர் வண்டி. திருவள்ளூர் நாற்பத்திரண்டு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். அங்கே நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த சிறுபீளை ஒரு கட்டு வாங்கி, முனியம்மாளின் செடியோடு ஒப்பிட்டுப் பார்க்கத் திட்டம். அன்றைக்குத் தை அமாவாசை என்பது ரயிலை விட்டு இறங்கிய பிறகுதான் உறைத்தது. ஊரே வைத்திய வீரராகவர் கோயில் குளத்தில் இருந்தது. நோய் கரைய வேண்டும் என்று வெல்லத்தைக் குளத்தில் கரைக்கிறார்கள், உப்பும் மிளகும் போடுகிறார்கள். மருந்துக் கடைக்காரரும் குளத்துக்குப் போயிருந்தார். அவர் வந்து கடை திறக்க மணி பதினொன்று. கட்டு எழுபத்தைந்து காசு. பிரித்துப் பார்த்தேன், அதே செடிதான்.

பகல் 12.20க்குப் பெரியபாளையம் பஸ். அங்கே இறங்கி வேறு பஸ் மாறிக் கவரைப்பேட்டை. மொத்தம் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து ஒரு ரூபாய் அறுபது காசு. இரண்டாவது பஸ்ஸில் என் மடிமேல் யாரோ ஒருவரின் கோழி. போய்ச் சேர மாலை நான்கு மணி ஆகிவிட்டது.

தாமோதரன் வேலை செய்த கொட்டகை நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. பழைய கார் பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை இரும்புச் சட்டியில் உருக்கிக் கட்டியாக வார்ப்பார்கள். தூரத்திலேயே தொண்டை காந்தியது. ஆவணியில் பார்த்தபோது அவர் வீட்டில் ஓய்வாக இருந்தார், முகத்தில் தெளிவிருந்தது. இப்போது சட்டிக்கு முன்னால் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு வந்தார். கண்ணுக்குக் கீழே உப்பல். கால் மறுபடி வீங்கி, செருப்பின் வார் சதைக்குள் புதைந்திருந்தது.

ஐந்து மாதமாக மறுபடி வேலைக்கு வருகிறாராம். பயமில்லையா என்று கேட்டேன். மூலையில் இருந்த தூக்குச் சட்டியைக் காட்டினார். அதில் கஷாயம்.

"தெனம் குடிச்சிக்கினுதான் சார் சட்டியாண்ட நிக்கிறேன். மெட்ராஸ்லயே அத்த வெச்சி ஆராய்ச்சி பண்றாங்கன்னு நீங்கதான சொன்னீங்க."

நான்தான் சொன்னேன். ஆவணியில், பெருமையாக. ஆராய்ச்சி செய்கிறோம் என்றுதான் சொன்னேன், காப்பாற்றும் என்று சொல்லவில்லை என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு அந்த வாதம் நிற்கவில்லை. மறுநாள் கொட்டகைக்கு விடுமுறை என்றார். ஆரம்பாக்கம் வரை என்னோடு வரச் சொன்னேன்.

இரவு கும்மிடிப்பூண்டியில் தங்கினேன். விடுதி அறை மூன்று ரூபாய், மூட்டைப்பூச்சி இலவசம். காலை நாஷ்டாவை ஸ்டேஷன் எதிரிலேயே முடித்துக்கொண்டு 7.35 வண்டியைப் பிடித்தேன். முந்தைய நிறுத்தமான கவரைப்பேட்டையில் ஏறியிருந்த தாமோதரன் ஜன்னல் வழியாகக் கைகாட்டினார். ஆரம்பாக்கம் அங்கிருந்து பதிமூன்று கிலோமீட்டர். வழியெல்லாம் தண்டவாளத்தை ஒட்டி வெள்ளை வெள்ளையாகச் சிறுபீளை. நான் எண்ணிக்கொண்டே வந்தேன், அவர் தூங்கிக்கொண்டே வந்தார்.

முனியம்மாள் வயலில் இருந்தார். அறுப்பு நடந்துகொண்டிருந்தது. நாற்பது வயதுகூட ஆகாதவர். மூன்று ஏக்கர் நெல்லைப் பார்த்துக்கொண்டு, வருகிறவர்களுக்குக் கஷாயமும் சொல்வார். பேச்சில் சுற்றி வளைப்பதே கிடையாது. வரப்பில் வைத்தே தாமோதரனின் காலை விரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்து, நிரம்பாமல் அப்படியே நின்றது.

"நெருப்பாண்ட போனியா?"

"மண்டலம் முடிஞ்சிபோச்சே அக்கா. நாப்பத்தெட்டு நாளு எண்ணிட்டுதான போனேன்."

நான் குறிப்பேட்டைத் திறந்தேன். ஆவணிப் பக்கம். செடி வேரோடு ஒரு பிடி. நான்கு ஆழாக்குத் தண்ணீர் ஓர் ஆழாக்காகச் சுண்ட வேண்டும். காலையில் வெறும் வயிற்றில். உப்பு ஆகாது. அதற்குக் கீழே ஒரு வரி: 'அடுப்பு, சூளை, உலை, எந்த நெருப்புப் பக்கமும் நாற்பத்தெட்டு நாள் போகக் கூடாது.' அந்த வரியின்மேல் என் கைப்படவே ஒரு கோடு. ஓரத்தில் 'மூடநம்பிக்கை' என்று குறிப்பு வேறு.

நாற்பத்தெட்டு நாள் ஈயப் புகை இல்லாமல் இருந்திருக்கிறார் இந்த மனிதர், வீக்கம் வடிந்திருக்கிறது. என் எலிகளுக்கோ தினமும் காலையில் விஷத்தை நானே என் கையால் கொடுத்துக்கொண்டிருந்தேன். கஷாயம் கொடுத்தேன், பத்தியம் வைக்கவில்லை. அவருடைய ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று அன்று யாரும் பார்க்கவில்லை, அதனால் நிரூபணம் என்று ஒன்றும் என்னிடம் இல்லை. ஆனாலும் எனக்குச் சந்தேகமில்லை.

இருவரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கஷாயம் எலிகளைக் காப்பாற்றவில்லை. உங்கள் கால் வீக்கம் வடிந்தது அந்தக் கொட்டகைக்குப் போகாததால். மறுபடி போனால் சிறுநீரகம் போய்விடும். இப்படிப் பட்டவர்த்தனமாக நான் என் வாழ்நாளில் அதிகம் பேசியதில்லை. தாமோதரன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அது எலிக்கு சார்."

அவ்வளவுதான். முனியம்மாள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தாமோதரன் பக்கம் திரும்பினார்.

"மண்டலம் கெட்டுப்போச்சு நைனா. இன்னிலேர்ந்து மறுபடி ஒண்ணு. நெருப்புப் பக்கம் தல வெச்சிப் படுக்காத. அறுப்புக்கு ஆளு இல்லாம பேஜாரா கீது, இங்கயே இரு. நெல்லு அவிக்கிற எடத்துக்கு மட்டும் வராத."

தாமோதரன் சரி என்று தலையாட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. மூன்று மாத ஆராய்ச்சி சொல்லிக் கேட்காத ஆள், அந்த அம்மாள் சொன்ன ஒரே வார்த்தைக்கு அடங்குகிறாரே என்று. 11.50 வண்டியில் ஊர் திரும்பும்வரை அது ஆறவில்லை.

அறிக்கையில் 'கஷாயத்துக்குக் காக்கும் விளைவு காணப்படவில்லை' என்று எழுதினேன். கீழே நெருப்புப் பத்தியத்தைப் பற்றியும் ஈயக் கொட்டகையைப் பற்றியும் ஒரு பத்தி. பேராசிரியர் நல்ல மனிதர்தான். அந்தப் பத்தியைப் படித்துவிட்டு, இது நம் ஆய்வுக்குள் வராது என்று சொல்லி அதன்மேல் ஒரு கோடு போட்டார். நான் போட்ட அதே மாதிரிக் கோடு.

இனி உங்களுக்கு. சிறுபீளை பார்க்க ஐப்பசி மழை விட்ட பிறகு, தைக்குள் போங்கள். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே ரயில் பாதையோரம் தாராளமாகக் கிடைக்கும். நான் சொன்ன கட்டணங்களைச் சொல்லி இன்று யாரிடமும் சண்டை போடாதீர்கள். திருவள்ளூருக்கு அமாவாசையன்று போவதாக இருந்தால் கோயிலுக்காகப் போங்கள், கடைக்காக வேண்டாம். இதைப் படித்துவிட்டு யாரும் கஷாயம் காய்ச்ச வேண்டாம், கால் வீங்கினால் மருத்துவரிடம் போங்கள். கிராமத்தில் மருந்து கேட்டு எழுதும்போது, என்ன கொடுத்தார்கள் என்று எழுதுகிற அளவுக்கு, எதை விடச் சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள். உங்களுக்குச் சிரிப்பு வந்தாலும் எழுதுங்கள்.

1976 கார்த்திகையில் வேறொரு விதைக்காக மறுபடி ஆரம்பாக்கம் போனேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால், முனியம்மாளின் நெல் வண்டியை ஓட்டிக்கொண்டு தாமோதரன். கணுக்காலில் எலும்பு தெரிந்தது. அதைப் பார்த்ததில் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கவில்லை. வண்டியில் ஏறிக்கொண்டு, இன்னும் பத்தியமா என்று கேட்டேன். பதினாலாவது மண்டலம் நடக்கிறது என்றார். அன்றைக்கு நான் சொன்னதை நம்பவில்லையே என்று குத்திக் காட்டினேன்.

"யாரு சார் நம்பல? நீங்க சொன்ன அன்னிக்கே புரிஞ்சிபோச்சு. ஆனா பொகை ஒத்துக்கலன்னு வேலய வுட்டா, ஊட்ல சும்மா வுடுவாங்களா? சோம்பேறின்னுவாரு மாமனாரு. பத்தியத்துல கீறேன்னு சொன்னா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

முனியம்மாளுக்கு இது தெரியுமா என்று கேட்டேன்.

"அக்காதான சார் நாள எண்ணுது. நாப்பத்தேழு வந்தா ஏதோ ஒரு கொற சொல்லி மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சிடும்."

கஷாயம் ஒழுங்காகக் குடிக்கிறீர்களா என்று, பழைய உதவியாளர் புத்தி போகாமல் கேட்டுவைத்தேன்.

"அத்த எப்பவோ வுட்டுட்டேன் சார்," என்றார் தாமோதரன். "வாயில வெக்க முடியல."