புகை படாத சதுரம்

இன்று பக்கத்து வீட்டுச் சுவரில் அடித்த சுண்ணாம்பின் ஈர வாசனை, இலங்கையின் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த, இப்போது இடிந்துபோன தொழிலாளர் லயத்து அறைக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. கொழுந்துக் கூடையை இறக்கி, அட்டை கடித்த காலோடு அடுப்பை மூட்டிவிட்டு, மதம் மாறுவதற்கு முன்பு மாரியம்மனைக் கும்பிட்ட பழக்கத்தில் அம்மா சுவரிலிருந்த இயேசு படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

"படத்தையா கும்புடுற? ஆண்டவர மட்டும் கும்புடு புள்ள," என்று சபையில் ஜெபம் நடத்தும் அப்பா ஒருநாள் அதைக் கழற்றிவிட்டார். படம் இருந்த இடத்தில் புகை படாத சதுரம் தெரிந்தது. அம்மா அதன் முன்னால் முழங்காலில் நின்றாள். சதுரம் மறையும்படி அப்பா சுவர் முழுவதும் சுண்ணாம்பு அடித்தார்.

"இனி எங்கிட்டுப் பாத்துக் கும்புடுறதுங்க?" என்று அம்மா அலுப்போடு கேட்டாள்.

அன்று மாலை ஜெபத்துக்குக் கண்ணை மூடியபோது, அப்பாவின் முகமும் படம் இருந்த அந்த இடத்தை நோக்கியே இருந்தது.