தலைமாட்டில் ஒட்டிய அம்மன்

வயிற்றில் பிள்ளை இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது என்பது என் கணவரின் தாயான மாமியின் சட்டம். முதல் தடவை எனக்குக் கரு கலைந்தபோது, அதற்கு முந்தின கிழமைதான் என் கணவர் சமைக்கிற குசினிச் சுவரில் ஆணி அடித்து ஒரு தட்டுப் பலகை மாட்டியிருந்தார். மாமி இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார். டொக்டர் சொன்ன காரணம் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அந்த ஆணிக் கதையைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

இந்த முறை ஏழாம் மாதம். நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போன மாமி, கரம்பொனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பெரிய அம்மன் படம் ஒன்று வாங்கி வந்தார். கண்ணாடி போட்ட மரச்சட்டம், நல்ல பாரம். என் கட்டிலின் தலைமாட்டில்தான் அது இருக்கவேண்டுமாம், பிள்ளைக்குக் காவலாம். ஆணி ஆகாது என்பதால் கணவர் இரண்டு பக்கமும் ஒட்டுகிற பசைநாடா, ரேப் என்பார்கள், வாங்கி வந்து ஒட்டினார். விடிவதற்குள் ஒரு மூலை விட்டுவிட்டது.

"கை வைச்சாலே மா மாதிரி வாற சுண்ணாம்புச் சுவர். தூசி துடையாமல் ஒட்டினால் நிக்குமே?" என்று கத்தினேன்.

மனிதர் இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தார். சுண்ணாம்பைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டார். சட்டத்தின் பின்பக்கம் முழுக்க ரேப்பை நீளநீளமாக ஒட்டி, சுவரோடு வைத்து அழுத்து அழுத்தென்று அழுத்தினார். பாரம் இறங்காமல் கீழே பலகை முட்டுக்கொடுத்து ஒரு முழுநாள் விட்டார்.

"இனி ஆனை இழுத்தாலும் வராது. நீர் பயப்பிடாமல் படும்," என்றார்.

படம் அசையவில்லை. ஆனால் காலையில் எழும்பினால் என் தலையணையில் வெள்ளைத் தூள் கிடந்தது. தட்டிவிட்டால் அடுத்த நாளும் கிடந்தது. மத்தியானத்தில் கடற்காற்று அடிக்கும்போது, படத்துக்குப் பின்னால் ஏதோ பொருபொருவென்று உதிரும் சத்தம் கேட்டது. எனக்கு நித்திரையே போய்விட்டது.

"மாமி, கட்டிலைத் திருப்புவமே?"

"திருப்பினால் வடக்கை தலை வரும். உப்புக் காத்துக்குச் சுவர் உதிரும்தானே பிள்ளை. பயமெண்டால் இஞ்சை பார், நான் படுக்கிறன்."

சொன்னபடியே என் தலையணையில் தலைவைத்து, கண்ணை மூடிப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் எழும்பி, "ஏதும் நடந்ததே? விசர்ப்பயம்!" என்று சிரித்துக்கொண்டு தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனார். நான் கட்டிலின் கால்மாட்டில் இருந்தேன்.

படம் அப்போதுதான் விழுந்தது. மாமியின் தலை அழுத்திய பள்ளம் தலையணையில் அப்படியே இருந்தது, அதற்குள் கண்ணாடி.

ஓடிவந்த மாமி படத்தைப் புரட்டினார். ரேப் ஒன்றுகூட விடவில்லை. ஒவ்வொன்றும் பிடித்த பிடியில் சுவரின் பூச்சைத் தகடுதகடாகப் பெயர்த்துக்கொண்டு வந்திருந்தது. சுவரில் வெறும் கல் தெரிந்தது.

"ஐயோ, பிள்ளை அசையுதோ? சொல்லு, அசையுதோ?" மாமி என் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தார்.

அசையவில்லை. மாமி கையை எடுக்காமல் காத்திருந்தார். பிறகு உள்ளே ஒரு உதை. மாமி அழுதேவிட்டார்.

பின்னேரம் கணவர் வந்ததும் மாமியே சுத்தியலைக் கொண்டுவந்து நீட்டினார். "கல்லிலை பெரிய ஆணியா அடி. ஆணி கூடாதெண்ட என்ரை சட்டம் இனிப் போதும்."

கணவர் ஆணியைச் சுவரில் வைத்தார். நான் பாய்ந்துபோய் சுத்தியலைப் பறித்தேன்.

"வேண்டாம்," என்றேன். "பிள்ளை பிறக்கட்டும்."