சின்ன துரை காரின் பேரிங் சத்தம்

போமென் வேலையில் கைக்கு ஒட்டும் அழுக்கை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிவிடலாம். காதுக்குள் போகும் சத்தத்தை எதைப் போட்டுக் கழுவுவது என்றுதான் இன்னும் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பக்கம் மெக்கானிக்குக்குப் பெயரே போமென்தான். எண்பதுகளில் மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாயில், ஈஜோக் போகும் சாலையோரம், தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்று எனக்கு இருந்தது. பட்டறையின் பாதி எனக்கு, மறுபாதி வெல்டிங் வேலை செய்த ஆ சோங்குக்கு. ஆ சோங் எஸ்டேட் கடைக்காரரின் மகன். தமிழ் என்னைவிட நன்றாகப் பேசுவான், திட்டும்போது இன்னும் நன்றாகப் பேசுவான்.

கார் வைத்திருக்கும் நீங்கள் எல்லாரும் என் சக நோயாளிகள் என்ற உரிமையில் எழுதுகிறேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது கடகடவென்று அடித்துக்கொண்ட கார், பட்டறை வாசலுக்கு வந்ததும் பெண் பார்க்க வந்தவர் முன்னால் உட்கார்ந்த பெண்ணைப் போல அடங்கி ஒடுங்கி நிற்கும். நீங்கள் அந்தச் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டுவீர்கள். போமென் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பான். நான் அப்படி நிறையப் பேர் முன்னால் நின்றிருக்கிறேன். ஆனால் ஒரு காரின் சத்தத்துக்காக ஊரே என்னிடம் வந்து நின்றது ஒரே ஒரு தடவைதான்.

பிரேக் பார்க்க வந்த கார்

ஈஜோக் பக்கத்து எஸ்டேட் ஒன்றுக்குப் புதிதாக உதவி மேனேஜர் வந்திருந்தார். பெரிய மேனேஜர் பெரிய துரை என்றால் இவர் சின்ன துரை. பெயர் ஜெயசீலன், வயது முப்பதுக்குள். கோலாலம்பூர்ப் படிப்பு, கறுப்புக் கண்ணாடி, மாமனார் வாங்கிக் கொடுத்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ஜப்பானில் யாரோ ஓட்டி முடித்துக் கப்பலேற்றியது. மற்ற துரைமார் லேண்ட்ரோவரில் போகிற செம்மண் பாதையில், தரையைத் தடவிக்கொண்டு போகிற அந்தக் காரில்தான் இவர் செம்பனை மரங்களை மேற்பார்வை பார்த்தார்.

அந்தக் காரில் சூப்பர்சார்ஜர் இருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என்ஜின் சும்மா மூச்சு விட்டால் போதாது என்று, பெல்ட் போட்டுச் சுற்றும் ஒரு பம்ப் காற்றைப் பிடித்து அதன் தொண்டைக்குள் திணிக்கும். கார் பறக்கும். பறப்பதற்கு எஸ்டேட்டில் இடம் எங்கே என்று கேட்காதீர்கள், நானும் கேட்கவில்லை.

அவர் வந்தது பிரேக் பேட் மாற்ற. கார் வாசலில் நின்றபோதே பானெட்டுக்குள் ஏதோ உறுமியது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் உறுமல் ஊளையானது. கல் மாட்டிக்கொண்ட மாவு மெஷின் மாதிரி இருந்தது. "சார், சூப்பர்சார்ஜர் பேரிங் போயிருச்சு" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மணியம், நீ லோரி பாக்குற ஆளு. அது நாய்ஸ் இல்ல, பவர்."

காதில் வைத்த ஸ்குரு டிரைவர்

லோரி பார்க்கிற ஆளுக்கும் ரோஷம் உண்டு. பிரேக் வேலை முடிந்ததும், சூப்பர்சார்ஜரைச் சுற்றும் பெல்ட்டை மட்டும் கழற்றிவிட்டு என்ஜினைப் போட்டேன். கார் சாதுப் பூனை மாதிரி நின்றது. பெல்ட்டை மாட்டினேன், உறுமல் திரும்ப வந்தது. பிறகு நீளமான ஸ்குரு டிரைவரின் முனையைப் பேரிங் இருக்கும் இடத்தில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். உள்ளே மணல் அரைபட்டது. அவரையும் கேட்கச் சொன்னேன். அவர் கைக்குட்டையை எடுத்துப் பிடியைத் துடைத்து, கைக்குட்டையை மடித்துக் காதில் வைத்து, அதன் மேல் பிடியை வைத்துக் கேட்டுவிட்டு, ஒன்றும் கேட்கவில்லை என்றார்.

காற்று வடிகட்டி எங்கே என்று தேடினேன். காணோம். எடுத்துவிட்டால் சத்தம் இன்னும் கம்பீரமாக வருகிறது என்று அவரே கழற்றி வீட்டில் வைத்துவிட்டாராம். எஸ்டேட் செம்மண் முழுக்க அந்தத் தொண்டை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கோபத்தை அடக்கிக்கொண்டு பானெட்டை மூடினேன். நான் சொல்ல நினைத்ததையும் சேர்த்து, கார் போனபிறகு ஆ சோங் சொன்னான்.

"சத்தந்தான் வேணும்னா ரெண்டு தகர டின்னைப் பின்னால கட்டி இழுத்துட்டுப் போவலாம் லா. மாமனாருக்காவது காசு மிச்சம்."

வேலைக்கு வராத மோட்டார்

இரண்டு வாரத்தில் சின்ன துரை தானே வந்தார். கிளப்பில் அவர் கார் நுழைந்தபோது பெரிய துரை, "யார் இங்கே மாவு அரைக்கிறது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாராம். நான் சொன்னபோது பவராக இருந்தது, பெரிய துரை சொன்னதும் நாய்ஸ் ஆகிவிட்டது. பேரிங்கைக் கிள்ளானில் சொல்லி வைத்தேன். அதுவரை வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் அந்த எஸ்டேட்டின் மண்டோர் முனியாண்டி வந்தார். பழம் வெட்டுகிறவர்களையும், கீழே உதிர்ந்த பழத்தைப் பொறுக்குகிற பெண்களையும் வேலை வாங்குகிறவர், ஐம்பது வயதுக்காரர். அவருடைய கப்சாய் மோட்டாரில், அதாவது சின்ன மோட்டார் சைக்கிளில், பிளக் பார்க்க வேண்டும் என்றார். பிளக் நன்றாக இருந்தது. பிரேக் என்றார். அதுவும் நன்றாக இருந்தது. தே ஓ, அதாவது பால் விடாத தேநீர், குடித்தார். பிறகு, "தொரை காரு சத்தம் போயிருமா தம்பி?" என்று கேட்டார்.

போய்விடும் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. விஷயம் இதுதான். அந்தச் சத்தம் இரண்டு வளைவுக்கு அப்பாலேயே கேட்கும். கேட்டதும் உட்கார்ந்திருப்பவர் எழுவார், வெற்றிலை போட்டவர் துப்புவார். சின்ன துரை வந்து சேரும்போது தோட்டம் முழுக்க வேலை பறக்கும். அவரும் தன்னைப் போல வேலை வாங்க ஆளில்லை என்று திரும்பிப் போவார். யாரையாவது இடத்தில் காணோம் என்றால் அவர்களுக்கு அன்றைக்கு அரை நாள் பேர் வெட்டு, அதாவது அரை நாள் கூலி போச்சு. "மத்தவனுங்கள விடுங்க. நம்ம லெட்சுமிக்குக் கைப்பிள்ள, மூணு மாசம். பத்து மணிக்கு ஒரு ஓட்டம் பிள்ளைக் கொட்டகைக்குப் போய்ப் பால் குடுத்துட்டு வருது. டின் பாலு அதுக்கு ஒத்துக்கல, வாந்தி எடுக்குது. இந்தச் சத்தத்த வச்சுத்தான் அது ஓடிப் போய் ஓடி வருது."

நான் நிலைமையை விளக்கினேன். உள்ளே இரண்டு உருளைகள் மயிரிழை இடைவெளியில் சுற்றுகின்றன. பேரிங் உடைந்தால் ஒன்றையொன்று கடித்துத் தூள் தூளாகி என்ஜினுக்குள் போகும். ரவாங் சாலையில் வேகமாகப் போகும்போது அப்படி நடந்தால், எதிரே லோரி வந்தால், அவர் உயிருக்கே ஆபத்து. மண்டோர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அவரு சாவணும்னு நாங்க சொல்லலையே தம்பி. கொஞ்சம் மெதுவா ரிப்பேர் பண்ணுங்கன்னுதான் சொல்றோம்."

என் தொழில் திறமை

மெதுவாகத்தான் பண்ணினேன். பேரிங் வந்த பிறகும் வரவில்லை என்று மூன்று நாள் பொய் சொன்னேன். நாலாவது நாள் அந்தக் கார் பட்டறைக்குள் நுழைந்தபோது உறுமல் போய் இரும்பு அலற ஆரம்பித்திருந்தது. அதற்கு மேல் என் கை கேட்கவில்லை. சூப்பர்சார்ஜரை இறக்கிப் பிரித்தேன். உள்ளே எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் நிறத்தில் ஒரு சேறு இருந்தது. பழைய பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றினால் நறநறத்தது. புதியதை இறக்கி, எண்ணெய் விட்டு, வீட்டிலிருந்து காற்று வடிகட்டியைக் கொண்டுவரச் சொல்லி அதையும் என் கையாலேயே மாட்டினேன்.

உண்மையைச் சொல்கிறேன், என்ஜினைப் போட்டபோது எனக்கு மண்டோர் நினைவும் இல்லை, லெட்சுமி நினைவும் இல்லை. அவ்வளவு அமைதியாக ஓடியது. பானெட் மேல் ஒரு கிளாஸ் தே ஓவை வைத்துக் காட்டினேன், அலை எழும்பவில்லை. ஆ சோங்கூட வெல்டிங்கை நிறுத்திவிட்டு வந்து பார்த்தான். சின்ன துரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். முகத்தில் பாதிச் சந்தோஷம்தான் இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் வர்றது ஒருத்தனுக்கும் தெரியாது போல இருக்கே, மணியம்."

பார்க்க வந்தவர்

தெரியவில்லைதான். முதல் நாளே எட்டுப் பேர் மாட்டினார்கள். ஒருவர் மரத்தடியில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாராம், அவருக்காக நான் அழப்போவதில்லை. ஆனால் எட்டாவது ஆள் லெட்சுமி. பிள்ளைக் கொட்டகையிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தவளுக்குப் பின்னாலேயே கார் வந்து நின்றிருக்கிறது. அவளுக்குக் கேட்கவே இல்லை. பேர் வெட்டியதோடு, இனிமேல் வேலை நேரத்தில் கொட்டகைப் பக்கம் கண்டால் வேலையே கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் எஸ்டேட்டிலிருந்து ஒரு மோட்டாரும் என் பட்டறைக்கு வரவில்லை. சனிக்கிழமை, சாமான் வாங்க டவுனுக்கு வந்த ஒரு பெண் பட்டறை வாசலில் நின்றாள். இருபது இருபத்திரண்டு வயது, இடுப்பில் மெலிந்த குழந்தை. லெட்சுமி என்று அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பிள்ளைக்கு என்ன கொடுக்கிறாய் என்று கேட்டேன். கஞ்சித் தண்ணீர் என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வேலையைக் கெடுத்து வெட்கப்பட்டிருக்கிறேன். சரியாகச் செய்துவிட்டு வெட்கப்பட்டது அன்றைக்குத்தான். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. என் மேஜைமேல் கிடந்த பழைய பேரிங்கைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லா ரிப்பேர் பண்றீங்கன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்கண்ணே. அதான் ஆளப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பவர் போன கதை

அடுத்த வாரமே சின்ன துரை வந்தார். காரில் ஒரு குறையும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. முந்தின நாள் மத்தியானம் பழம் எடை போடும் இடத்துக்குப் பின்பக்கமாக, சத்தமில்லாத காரில், சத்தமில்லாமல் போயிருக்கிறார். அங்கே மண்டோர் முனியாண்டி கறுப்புக் கண்ணாடிக்குப் பதிலாக இரண்டு கைகளையும் வளைத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு, இல்லாத ஸ்டியரிங்கை முழங்கையால் திருப்பி, வாயால் உறுமியபடி நடந்து காட்டிக்கொண்டிருந்தாராம். "மாவு மெஷின் வருது, மாவு மெஷின் வருது" என்று பெண்கள் கை தட்டினார்களாம். சத்தம் போய்விட்டது, பெயர் போகவில்லை.

"எல்லாரும் சிரிச்சாங்க, மணியம். கணக்கு எழுதுற கிராணியும் சிரிச்சாரு. நான் வந்த இத்தன மாசத்துல அங்க ஒருத்தரும் சிரிச்சு நான் பாத்ததே இல்ல." எட்டிப் பார்த்துவிட்டு, காரைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாராம். பேர் வெட்டவில்லை. வெட்டினால் எதற்கு வெட்டினேன் என்று பதிவில் எழுத வேண்டுமே.

சந்தர்ப்பம் பார்த்து நான் லெட்சுமி விஷயத்தையும் சொன்னேன். பிள்ளை, டின் பால், கஞ்சித் தண்ணீர் எல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆனால் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அவர் கண் மேஜைமேல் இருந்தது.

"அந்தப் பழைய பேரிங் இருக்குல்ல? அதையே திரும்ப மாட்டிடுங்க."

வளைவுக்கு வளைவு

முதல் தடவையாக எனக்கு மரியாதை கொடுத்துப் பேசினார். ஆனாலும் அந்தப் பேரிங்கை மாட்ட முடியாது என்று சொல்லிவிட்டேன். லெட்சுமியின் பிள்ளைக்காகக்கூட ஒரு மனுஷனை லோரிக்கு அடியில் அனுப்ப என்னால் முடியாது. மாட்டினால் மூன்று நாளில் என்ஜின் போய்விடும், மாமனாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றதும் அவரும் விட்டுவிட்டார். பிறகு ஒரு யோசனை சொன்னேன். எஸ்டேட் பாதையில் வளைவுகள் அதிகம், டிராக்டர் வருகிறது, மாடு வருகிறது. பாதுகாப்புக்காக ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிப்பது பெரிய அதிகாரிகளுக்கு அழகு என்றேன். பெரிய அதிகாரி என்ற வார்த்தை வேலை செய்தது. ஆ சோங் இருமிக்கொண்டே வெளியே போய்விட்டான்.

அன்றைக்கே ஒரு லோரி ஹாரனைக் காரில் மாட்டிக் கொடுத்தேன். அது இரண்டு வளைவு இல்லை, நாலு வளைவு கேட்கும். அதன்பிறகு சின்ன துரை முதல் வளைவிலிருந்தே அடித்துக்கொண்டுதான் தோட்டத்துக்குப் போனார். அவர் போய்ச் சேரும்போது சிரிப்பு முடிந்திருக்கும், வேலை பறந்துகொண்டிருக்கும், லெட்சுமி தன் இடத்துக்கு வந்திருப்பாள். இரக்கப்பட்டு அடிக்கிறார் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு நல்ல மனசு. தன்னைப் பற்றி ஊர் பேசுவது தன் காதில் விழாமல் இருக்க அடித்தார். எந்தக் காரணத்துக்காக அடித்தால் என்ன, பத்து மணிக்கு அந்தப் பிள்ளைக்குப் பால் கிடைத்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை லெட்சுமி வந்தாள். இடுப்பிலிருந்த பிள்ளைக்குக் கன்னம் வைத்திருந்தது. என் மேஜைமேல் இருந்த பழைய பேரிங்கை அது கையில் எடுத்து வாயில் வைக்கப் பார்த்தது. அவள் பிடுங்கி வைத்துவிட்டு, இந்தத் தடவை ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"மத்ததெல்லாம் மெதுவாச் செய்யுங்கண்ணே. அந்த ஹாரன் ரிப்பேர்னு வந்தா மட்டும் உடனே பாத்துக் குடுத்துருங்க."

இத்தனை வருஷத் தொழிலில், கெட்டுப் போவதற்கு முன்னாலேயே, கூலி வாங்காமல், மாதம் ஒரு தடவை நான் துடைத்து எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொண்ட ஒரே சாமான், எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒரு மனுஷனின் ஹாரன்தான்.